மொய்யாகப் போன கரண்ட் பணம்

ஓய்வூதியம் கணக்கில் விழுந்த மறுநாள் வங்கிக்குப் போய், அங்கே இருந்தாக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் எடுத்து வந்துவிடுவேன். அரசுக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துத் தலை நரைத்தவன் நான். கண்ணால் பார்க்காத பணத்தை என்னால் நம்ப முடிவதில்லை. சாப்பாட்டு மேசையில் நோட்டுகளைப் பரப்பிக் கவர் கவராகப் பிரிப்பேன். முதல் கவர் சபைக்கு, பத்தில் ஒரு பங்கு, தசமபாகம். பிறகு மின்சாரம், தண்ணீர், குழாய் எரிவாயு, குடியிருப்புச் சங்கம், பால், பேப்பர், பாத்திரம் தேய்க்க வரும் பெண், எனக்கு மருந்து, என் மனைவிக்கு மருந்து. எல்லாம் போக மிஞ்சியதுதான் சாப்பாடு. வர வர அந்தக் கடைசிக் கவர் மெலிந்துகொண்டே போகிறது. யாரையும் குறை சொல்லவில்லை. பார்ப்பதைச் சொல்கிறேன்.

கவருக்கு மட்டும் செலவில்லை. கல்யாணத்தில் மொய் கொடுப்பதற்கென்றே டெல்லியில் பளபளவென்று கவர் விற்கிறார்கள். முகப்பில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருக்கும். உள்ளே ஐந்நூறு வைத்தால் ஐந்நூற்றொன்று ஆகிவிடும். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று கரோல் பாகில் ஒருமுறை பெரிய கட்டாக வாங்கிவிட்டேன். அதன்பிறகு எங்களைக் கல்யாணத்துக்கு அழைப்பவர்கள் குறைந்துபோனார்கள், கவர்கள் மிஞ்சிவிட்டன. ஆகையால் கிறிஸ்தவர்களான எங்கள் வீட்டில் கரண்ட் பணமும் பால் பணமும் தங்க நிறப் பிள்ளையார் போட்ட மொய்க் கவரில்தான் இருக்கும். சபைப் பணத்துக்கு மட்டும் சபை கொடுத்த வெள்ளைக் கவர். எது எதற்கு என்று பின்பக்கம் பென்சிலால் தமிழில் எழுதி வைப்பேன்.

போன குளிர்காலத்தில் புகைமூட்டம் தாங்காமல் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். முதல் மாடியில் இருக்கும் பஞ்சாபிக்காரரின் மூத்த மகள்தான் வண்டி பிடித்து என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான் படுத்திருந்த நாட்களில் மின்கட்டணத்தின் கடைசித் தேதி தாண்டிவிட்டது. இணைப்பைத் துண்டிப்போம் என்ற எச்சரிக்கை புனேயில் இருக்கும் எங்கள் மகனுடைய போனுக்குப் போனது. பதிவு செய்த எண் அவனுடையது. அவன் டெல்லியில் பிறந்து வளர்ந்தவன். கோபம் வந்தாலும் அவன் தமிழ் மெதுவாகத்தான் வரும்.

“அப்பா, ஆட்டோ பே போட்டுடறேன்னா வேண்டாங்கறீங்க. அச்சா, ஓகே. ஆனா இன்னொரு வாட்டி இந்த மாதிரி மெசேஜ் வந்தா ஃபைனல். ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடணும். ப்ராமிஸ்?”

“சரி, ப்ராமிஸ்” என்றாள் என் மனைவி, என்னைக் கேட்காமலே. புனேயில் எங்களுக்கென்று ஓர் அறை இருக்கிறது, நல்ல அறைதான். ஆனால் அங்கே சமையலறையில் ஒரு டம்ளர் எங்கே இருக்கிறது என்பதைக்கூட நாங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்ந்த அவளுக்கு அது ஒத்துவராது. எனக்கும்தான்.

இந்த ஜூனில் என் மூச்சுக்காக ஏசி ஓடியதில் பில் நாலாயிரத்து எண்ணூற்று நாற்பது வந்தது. கடைசி நாள் வரை நான் வைத்துக்கொள்வதில்லை. இம்முறை வெயில் அனலாக அடித்ததால் திங்கட்கிழமை கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதுதான் கடைசி நாள். இடையில் வெள்ளிக்கிழமை கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரரின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். கூட்டமும் புகையும் எனக்கு ஆகாது என்பதால் என் மனைவி மட்டும் போனாள். ‘கல்யாணம்’ என்று எழுதிய கவரில் ஐந்நூறு வைத்திருக்கிறேன், அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் கட்டடத்தில் ஐந்நூற்றொன்றுதான் வழக்கம்.

சனிக்கிழமை பெண்ணின் அப்பா பெரிய லட்டுப் பெட்டியோடு மாடியேறி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “அங்கிள்ஜி, ஆப் தோ கர் கே ஹை” என்றார். நீங்கள் எங்கள் வீட்டு ஆள் என்று அர்த்தம். ஐந்நூற்றொன்றுக்கு இது கொஞ்சம் அதிகம் என்று பட்டது. பஞ்சாபிகள் சுபாவமே அப்படி என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை ஆராதனைக்குப் புறப்படும்போது சபைக் கவரை எடுக்க அலமாரியைத் திறந்தேன். ‘கல்யாணம்’ கவர் அங்கேயே இருந்தது. ‘கரண்ட்’ கவரைக் காணவில்லை.

மனைவி கண்ணாடி முன் நின்று சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். “ஏளா, எந்தக் கவரக் குடுத்த?” என்றேன். அவள் அடுத்த ஊக்கைக் கையில் எடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கொடுத்த மொய்யைத் திருப்பிக் கேட்க முடியாது. வங்கியில் இருக்கும் நிரந்தர வைப்பு அவளுடைய முழங்கால் அறுவைக்கு, அதைத் தொட மாட்டேன். மகனிடம் கேட்பதும் அந்த எச்சரிக்கை அவனுக்குப் போவதும் ஒன்றுதான். மறுநாள் திங்கள். எனக்கு அலுத்துவிட்டது. கவர் கவராகப் பிரித்து, மாதத்தை இழுத்து, மறுபடி பிரித்து, இதை இன்னும் எத்தனை காலம் செய்வது?

“போதும்ளா. நானே அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிருதேன். புனேக்கே போயிருவோம். எனக்கு மூச்சு இல்ல, ஒனக்குக் கண்ணும் இல்ல, நெனப்பும் இல்ல. இனி நம்மால தனியா இருக்க முடியாது.”

போனை எடுத்தும்விட்டேன்.

“அதக் கீழ வைங்க” என்றாள். நோயாளிகளிடம் பேசுகிற குரல். “எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. கரண்ட்டுன்னு நீங்க கோழி கிண்டுன மாதிரி எழுதியிருந்தத வாசிச்சிட்டுத்தான் எடுத்தேன்.”

“தெரிஞ்சா குடுத்த?”

“அந்தப் புள்ள ஒங்களத் தோளுல சாச்சி மூணு மாடி எறக்குச்சி. நம்ம மவன் வந்து சேருத வரைக்கும் ஆபீசுக்கும் போவாம எங்கூட பெஞ்சில உக்காந்திருந்துச்சி. அதுக்கு ஐந்நூத்தி ஒண்ணா? எனக்கு வெக்கமா இருந்துச்சி.”

“என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டா என்ன சொல்லிருப்பீங்க? எந்தக் கவர்ல இருந்துன்னு கேட்டிருப்பீங்க.”

போனைக் கட்டிலில் வைத்தேன். “சரி, இப்ப எந்தக் கவர்ல இருந்து?” என்றேன்.

அவள் என் கையில் இருந்த வெள்ளைக் கவரைப் பார்த்தாள். “அதுல இருந்துதான். கர்த்தர் லேட் ஃபீஸ் போட மாட்டாரு. கரண்ட்காரன் போடுவான். அடுத்த மாசம் ரெண்டையும் சேத்துப் போட்டிருவோம்.”

சபைக் கவரில் நாலாயிரத்து ஐந்நூறு. கல்யாணக் கவரில் ஐந்நூறு. போதும், நூற்று அறுபது மிஞ்சும். ஆனால் இத்தனை வருடத்தில் நான் தொடாத கவர் அது ஒன்றுதான். அன்று காணிக்கைப் பை வந்தபோது அதில் ஒரு பத்து ரூபாயைப் போட்டுவிட்டு, அடுத்தவர் பார்க்காதபடி பையைத் தள்ளிவிட்டேன். என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

திங்களன்று முதல் ஆளாகக் கவுண்டரில் பணத்தைக் கட்டி ரசீது வாங்கினேன். திரும்பி மாடி ஏறும்போது முதல் மாடியில் மூச்சு வாங்க நின்றேன். பெண்ணின் அப்பா கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அங்கிள்ஜி, நாலாயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்று, இது என்ன ஹிசாப், என்ன கணக்கு? மதராஸிகளுக்கு ராசியான நம்பர் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள்.”

“ஆமாம், ரொம்ப ராசி” என்று இந்தியில் சொல்லிவைத்தேன். இளையவளுக்கும் இந்தக் குளிர்காலத்தில் முடித்துவிடலாம் என்றிருக்கிறோம் என்றார் அவர். தண்ணீர் எனக்குப் புரையேறியது.

சாயங்காலம் மகன் பேசினான். “அப்பா, பேமென்ட் மெசேஜ் வந்துச்சு. ஏன் லாஸ்ட் டே வரைக்கும் வச்சிருந்தீங்க?”

“வெயில்.”

“மம்மி ஓகேதானே? மறதி கிறதி எதுவும் இல்லையே?”

அவள் எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். “அவளுக்கா? ஒண்ணையும் மறக்க மாட்டேங்கிறா” என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போனை வைத்தான்.

“என்னவாம்?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. இங்கயே இருக்கச் சொல்லிட்டான்.”

“அவன் என்ன சொல்லுதது” என்று எழுந்து போய் ஏசியை அணைத்தாள். அடுத்த பில்லுக்கான மீட்டர் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது.