பம்பரம் வைத்த பெனால்டிப் புள்ளி

என் கணவரின் தம்பியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பம்பரம் என்றால்தான் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால்கூட ஒரு கால் வாசல் பக்கம் திரும்பியிருக்கும். எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் கால்பந்து மைதானத்தில் புல் வெட்டுவது, வலை கட்டுவது, வெள்ளைத் தூளால் கோடு போடுவது எல்லாம் அவர்தான். கோடுகளுக்குக் கயிறு பிடிப்பார். பெனால்டி அடிக்கும் புள்ளிக்கு மட்டும் கயிறும் கிடையாது, டேப்பும் கிடையாது. கோல் கோட்டில் குதிகாலை வைத்துத் தப்படி போட்டு நடப்பார். நிற்கிற இடத்தில் புள்ளி.

"என் கால் பொய் சொல்லாது அண்ணி" என்பார்.

நின்று நின்றே அந்தக் காலில் நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேல் புண் வைத்துவிட்டது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலேயே தலை நரைத்தவள் நான். இந்த மாதிரிப் புண்ணுக்கு மருந்து பாதி, காலைத் தூக்கி வைத்துப் படுப்பது பாதி. அப்போது பார்த்தா வர வேண்டும், பல நாட்டுக் கிளப்புகளின் சிறுவர் அணிகள் மோதும் போட்டி! எங்கள் கிளப் பையன்களும் ஆடும் இறுதி ஆட்டத்தன்று காலை நான் குளிக்கப் போன நேரத்தில் நழுவிப் போய், கோடு போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே வந்தார். திட்டிக்கொண்டே புண்ணில் துணிக்கட்டை இறுக்கிக் கட்டிப் படுக்கவைத்தேன்.

எதிரே ஆட்டம் தொடங்கும் விசில் கேட்டது. பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவரைத் தட்டினார். தலையணையைப் புரட்டினார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார். கழிவறைக்குப் போய்த் திரும்பியவர் நடுவழியில் நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது. மயக்கமோ என்று நாடியைப் பிடித்தேன்.

"நாடி கிடக்கட்டும் அண்ணி. நான் எப்படி நடந்தேன்?"

"நொண்டிக்கிட்டு நடந்தே. வேற எப்படி?"

"காலையிலயும் இப்படித்தானே நடந்திருப்பேன்? முதல் கோல் பக்கம் வலி இல்ல. ரெண்டாவது பக்கம் போறப்பதான் வலி வந்துச்சு. தப்படி குறைஞ்சிருக்கும். புள்ளி கோலுக்குக் கிட்ட வந்திருக்கும். அங்க பெனால்டி கொடுத்துட்டா?"

கிளப் செயலாளருக்குப் போன் போட்டேன். அந்த இரைச்சலில் அவர் எடுக்கவில்லை. இவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"படு தம்பி. கால் அழுகிப்போனா யார் பாக்கறது?"

"நீங்கதான்."

காலுக்குப் போட்ட கட்டை வாய்க்குப் போட்டிருக்கலாம். மாமியார் பயன்படுத்திய சக்கர நாற்காலி கட்டிலுக்கு அடியில் மடித்துக் கிடந்தது. அதில் உட்காரவைத்து, காலை நீட்டிவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அதற்குள் இடைவேளை வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை.

செயலாளர் விஷயத்தைக் கேட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யோவ், ரெண்டாவது பாதியில நம்ம பசங்க அந்தப் பக்கம்தான்யா அடிக்கப் போறாங்க. பேசாம வீட்டுக்குப் போ."

"அதனாலதான் இப்பவே மாத்தணும்" என்றார் பம்பரம்.

நடுவருக்கு எங்கள் மொழி தெரியாது. பம்பரம் கட்டுப் போட்ட காலைக் காட்டினார். தொடைமேல் இரண்டு விரலை நொண்டி நொண்டி நடக்கவிட்டார். பிறகு அந்தப் புள்ளியைக் காட்டினார். நடுவர் சிரித்துவிட்டு டேப் கேட்டு வாங்கி அளந்தார். டேப் அந்தப் புள்ளியைத் தாண்டி ஒரு முழத்துக்கு மேல் போனது. பழையதைத் துடைப்பத்தால் கலைத்துவிட்டுப் புதிய புள்ளி வைத்தார்கள்.

அந்தப் பக்கமே எங்கள் பையன்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பம்பரம் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. கடைசியில் எதிரணி ஒரு கோல் போட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டது.

"பழைய புள்ளின்னா உள்ள போயிருக்கும்" என்றார் செயலாளர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"போயிருக்கும்தான்" என்றார் பம்பரம். "வாங்க அண்ணி, போகலாம்."

வீட்டில் கட்டைப் பிரித்தேன். நல்ல வேளை, புண் கசியவில்லை. மறுபடி கட்டிக் காலைத் தூக்கி வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அப்பாடா என்று எழுந்தேன்.

"அண்ணி, அந்த முதல் கோல் பக்கம் அளக்கவே இல்லையே?"

சக்கர நாற்காலியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.