சம்ப்புக்கு மேல் நின்ற வண்டி

என் மனைவி நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நான் மைசூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறேன். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் அவள்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பாள். நான் டார்ச் பிடிப்பேன். அதனால் அவள் பிறந்த ஊரான மார்டள்ளியிலிருந்து அவளுடைய தம்பியின் பிக்கப் வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் பங்கு என்ன என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

மைத்துனனுடைய மக்காச்சோளக் காடு மேட்டில் இருக்கிறது. போகும் வழியை மழை அறுத்து அறுத்து, கற்கள் பல்லைப் போல் துருத்திக்கொண்டு நிற்கும். பாரம் ஏற்றினால் வண்டியின் அடிவயிறு கல்லில் இடிக்கும். பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் வேறு தேய்ந்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது. மைசூரில் பழைய உதிரிப் பாகம் விற்கும் ஒரு கடையில் அதே வகை வண்டியின் ஆக்ஸில் நல்ல நிலையில் கிடைத்தது. அதை மாற்றும்போதே பாரம் தாங்கும் கமான் பட்டைகளையும் மாற்றி வண்டியைக் கொஞ்சம் உயர்த்திவிடலாம் என்று அக்காவும் தம்பியும் போனிலேயே முடிவு செய்துவிட்டார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு அனுமதியும் அவளே வாங்கிவிட்டாள். பட்டறையில் மட்டும் அறுவடை முடியும்வரை இடமில்லை என்றார்கள்.

"வீட்லயே பண்ணிரலாமுங்க," என்றாள்.

"எங்க?"

"போர்ட்டிகோல. தரை சமமாத்தானே இருக்குது."

ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். மைத்துனன் சிரித்தான். "மாமாவுக்கு ஃபைலு பொரட்டுன கையி. இரும்பப் பாத்தா பயந்துக்குவாரு." என்னைவிடப் பத்து வயது இளையவன். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனாலும் அந்த இரண்டு நாளும் நான் எதைச் சொன்னாலும் அந்தச் சிரிப்பு முன்னால் வந்து நின்றது.

சனிக்கிழமை முழுக்க ஆயத்தம். ஆக்ஸில் ஒரு கூட்ஸ் ஆட்டோவில் வந்து இறங்கியது. அதை மூன்று பேரும் கயிறு கட்டி உள்ளே இழுத்தோம். செத்த மாட்டை இழுப்பதுபோல் இருந்தது. அவள் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினாள். வண்டியில் பழைய ஆக்ஸிலைக் கமான் பட்டையோடு கட்டியிருக்கும் யூ போல்ட்டுகள் இறுகிப் போயிருந்தன. அந்த நட்டுகள் மேல் மைத்துனன் மணிக்கொரு தரம் டீசல் ஊற்றினான். வண்டி மூக்கை வீட்டுப் பக்கமும் வாலைக் கேட்டுப் பக்கமும் வைத்து நின்றது. கேட்டைச் சாத்த முடிய வேண்டும் என்பதற்காக இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினோம்.

எங்கள் போர்ட்டிகோவின் இடது மூலையில், கேட்டை ஒட்டி, சம்ப்பின் இரும்பு மூடி இருக்கிறது. தெருக் குழாயிலிருந்து வரும் தண்ணீர் அந்தத் தரையடித் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து மோட்டாரில் மேலே ஏறும். "இது எந்தப் பக்கமா போகுது?" என்று அவள் கேட்டாள். காம்பவுண்டுச் சுவரோரமாக நீளவாக்கில் போகிறது என்றேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். அப்பா கட்டிய வீடு. அவரும் இல்லை, கட்டிய மேஸ்திரியும் இல்லை. சுவரை விட்டு நன்றாகத் தள்ளித்தான் வண்டியை நிறுத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டதும் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை. பின்னால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் மேல் உட்கார்ந்தது. கழற்றிய சக்கரங்கள் இரண்டையும் படுக்கப் போட்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று சேஸிஸுக்கு அடியில் தள்ளச் சொன்னாள். ஸ்டாண்டு ஏமாற்றினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் இறங்கும், ஆள் மேல் அல்ல. அவளுடைய தொழிற்சாலைப் புத்தி அது.

மைத்துனன் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனான். சிறிது நேரத்தில் ஸ்பேனரில் ஒரு நீளப் பைப்பைச் சொருகி இழுக்கத் தொடங்கினான். பைப்பை வீச இடம் போதவில்லை என்று இடப் பக்கச் சக்கரத்தைக் காலால் வெளியே உதைத்துவிட்டான். அவள் அந்த நேரம் வீட்டுக்குள் போயிருந்தாள். நான் பார்த்தேன். "மாப்ளை, அது இருக்கட்டுமே," என்றேன்.

"ஒரே ஒரு நட்டு மாமா. கழட்டிட்டு மறுக்கா வெச்சுக்கறேன்."

அவன் இழுத்த ஒவ்வொரு இழுப்புக்கும் வண்டி முனகியது. அப்போதுதான் தெருக் குழாயில் தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் வரும் நாளில் மூடியைத் திறந்து மிதவை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. திறந்து குனிந்தேன். குழாய் கொட்டும் சத்தத்துக்கு நடுவில் வேறொரு சத்தம் கேட்டது. சிறு கல்லைக் கிணற்றில் போட்டாற்போல், ப்ளக். மைத்துனன் மூச்சைப் பிடித்து இழுத்தான். மறுபடியும் ப்ளக். ப்ளக்.

போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். சுவரோரமாகப் போகவேண்டிய தொட்டி அங்கே இல்லை. அது கேட்டுக்கு இணையாக, குறுக்கே, வண்டிக்கு அடியில் போயிற்று. மேல் தளத்தின் அடிப்பரப்பில் சிமென்ட் உரிந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. கம்பியை ஒட்டி ஒரு விரிசல். அதன் விளிம்பிலிருந்து ஒரு துணுக்கு என் கண்ணெதிரே பிரிந்து தண்ணீரில் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். இடப் பக்க ஸ்டாண்டு அந்த விரிசலுக்கு நேர் மேலே நின்றது. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மைத்துனனுடைய நெஞ்சு.

கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. வராததும் நல்லதுதான். கத்தியிருந்தால் அவன் துள்ளி எழுந்து தலையை இடித்திருப்பான். அவள் துணியில் கை துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்து நின்றாள். நான் சம்ப்பைக் காட்டினேன். பிறகு ஸ்டாண்டைக் காட்டினேன். "தொட்டி வண்டிக்கு அடியில இருக்கு. மேல விரிசல்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

அவள் மெதுவாக உட்கார்ந்து தம்பியின் காலணியைத் தொட்டாள். "தம்பி, ஸ்பேனர உடு."

"இரு அக்கா, நெகுந்துருச்சு, இன்னொரு இழுப்பு..."

"இழுக்காத. கையக் கீழ வெய்யி. கால் பக்கமா நகந்து வா."

"ஏன்? மாமா பயந்துட்டாரா?"

"வாயப் பேசாம வாடா!"

அவள் குரலில் நான் அதுவரை கேட்டிராத ஒன்று இருந்தது. அவன் நகர்ந்தான். முதுகால் ஊர்ந்து, இடுப்பு, வயிறு, நெஞ்சு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தான். தலை பம்பரைத் தாண்டியதும் நான் அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். "என்னுங்க மாமா இது," என்று உதறினான்.

அப்போது தரை ஓடு ஒன்று பட்டென்று வெடித்தது. ஸ்டாண்டின் ஒரு கால் ஒரு விரல் அளவு உள்ளே இறங்கியது. வண்டி இடப் பக்கமாகச் சாய்ந்து, நின்றது. அவ்வளவுதான். ஆனால் மைத்துனன் கிடந்த இடத்தைப் பார்த்தேன். அந்த இடைவெளி இப்போது ஒரு நெஞ்சுக்குப் போதாது. அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒரு நீளப் பைப்பை எடுத்து, எட்ட நின்றபடி, உதைத்துத் தள்ளிய சக்கரத்தை மறுபடி சேஸிஸுக்கு அடியில் தள்ளினாள். "யாரும் கிட்டப் போகாதீங்க," என்றாள். பிறகு தனக்குள் பேசுவதுபோல், "ஜாக்கிய எங்க வெக்கறது?" என்றாள்.

அதுதான் சிக்கல். சாய்ந்த வண்டியை மறுபடி தூக்கினால்தான் ஸ்டாண்டை எடுக்கலாம். தூக்க ஜாக்கி வேண்டும். ஜாக்கிக்குக் கெட்டியான தரை வேண்டும். தொட்டி எதுவரை போகிறது என்று யாருக்கும் தெரியாது.

"நான் உள்ள தலைய விட்டுக் கேக்கறேன்," என்றேன். "மாப்ளை, நீ வெளியில இருந்து தட்டு. ஜோராத் தட்டாத, ஸ்வல்ப, கொஞ்சம் கொஞ்சமா."

நான் குப்புறப் படுத்து மூடி வாயில் தலையை விட்டேன். முன்னதாக அவள் தெருக் குழாயின் வால்வை மூடிவிட்டாள். பாசி வாசனை. மைத்துனன் வண்டிக்குப் பக்கவாட்டில் நின்று ஒரு குச்சியின் முனையில் கட்டிய ஸ்பேனரால் தரையைத் தொட்டுத் தொட்டுத் தட்டினான். ஒவ்வொரு தட்டும் என் காதுக்குள் முரசு மாதிரி அதிர்ந்தது.

"கேக்குது. இன்னும் வீட்டுப் பக்கம் போ."

டக்.

"கேக்குது."

டக்.

"இன்னும் போ."

இந்த முறை முரசு இல்லை. மண்ணில் தட்டிய மொண்ணைச் சத்தம். "இல்லை. இங்க இல்லை. இன்னொரு தரம் தட்டு." மறுபடியும் மொண்ணை. "அங்கதான் தொட்டி முடியுது."

"நிச்சயமா மாமா?" என்று கேட்டான். கேலி இல்லை. எழுந்து அவன் முகத்தைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. "இன்னும் ஒரு முழம் உள்ள தள்ளி வை," என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏனாய்து ஸார்?" என்ன ஆயிற்று என்று கேட்டவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் போய், எதிரில் கட்டிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து நீளமான சென்ட்ரிங் பலகைகளைக் கொண்டுவந்தார். அவற்றைத் தொட்டியின் மேல், கெட்டித் தரையிலிருந்து கேட்டு வாசற்படிவரை பாலம்போல் போட்டோம்.

அவள் ஜாக்கியைப் பக்கவாட்டிலிருந்து அந்தக் கெட்டித் தரைமேல் தள்ளி, நீளப் பிடியை அழுத்தினாள். வண்டி எழும்பியது. எல்லோரும் தரையைப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஸ்டாண்டைக் கயிறு போட்டு இழுத்தோம். சக்கரங்களை வெளியில் நின்றபடியே மாட்டினோம். நெகிழ்ந்த நட்டுகளை மைத்துனன் கையை மட்டும் நீட்டி இறுக்கினான். நல்ல வேளையாக எஞ்சினின் சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டை இன்னும் கழற்றியிருக்கவில்லை. வண்டி தன் பலத்தில் நகரும்.

"நான் எடுக்கறேன்," என்றான் மைத்துனன்.

"நீ அக்கட்ட நில்லு," என்று அவள் ஏறி உட்கார்ந்தாள். நான் ஜன்னலருகே போனேன். "கதவைத் திறந்தே வை," என்றேன். தலையாட்டினாள்.

ரிவர்ஸில் வண்டி பின்னால் வந்தது. பின் சக்கரங்கள் பலகையில் ஏறின. பலகை வளைந்தது. தரைக்கு அடியில் ஏதோ பெரிதாகத் தண்ணீரில் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை, வேகமும் எடுக்கவில்லை. பின் சக்கரம் தெருவில் இறங்கியது. பிறகு முன் சக்கரம், அவள் உட்கார்ந்திருக்கும் பாரத்தோடும் எஞ்சின் பாரத்தோடும், அந்தப் பலகைகளைக் கடந்தது. நான் அந்த நேரம் என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் நினைக்கவில்லை. அவளுடைய இடது கை கியர் கம்பியில் இருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி தெருவுக்கு வந்து நின்றது. எஞ்சினை அணைத்தாள். இறங்கி வந்து நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

மைத்துனன் தெருவோரக் கல்லில் உட்கார்ந்திருந்தான். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. திடீரென்று என் பக்கம் திரும்பினான். "சொந்த வீட்டு அடியில தொட்டி எங்க இருக்குதுன்னு கூடத் தெரியாதுங்களா உங்களுக்கு? நான் செத்திருப்பேன் மாமா!"

எனக்கும் சுருக்கென்றது. "அந்தச் சக்கரத்தை யாரு உதைச்சது?" என்றேன்.

அவன் எழுந்தான். நானும் எழுந்தேன். அடித்துக்கொள்வோம் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்திருக்க வேண்டும். நடுவில் வந்து, "பேடா, பேடா, ஹோகலி பிடி," வேண்டாம், போகட்டும் விடுங்கள் என்றார். வாசலில் அவள் நின்றாள். கண் சிவந்திருந்தது. "ரெண்டு பேரும் உள்ள வாங்க. பசிக்குது," என்றாள். சம்ப்பில் இருந்த குடிதண்ணீரில் சிமென்ட் கலங்கிக் கிடந்தது. ஹோட்டலிலிருந்து வாங்கிவந்து சாப்பிட்டோம்.

அன்று மாலை அவன் ஆக்ஸிலை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு, பழைய ஆக்ஸிலின் ஊளையோடு மார்டள்ளிக்குப் போனான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சம்ப்பின் மேல் தளத்தை இடித்துப் புதியது போடும்வரை நாங்கள் பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்தோம்.

அடுத்த மாதம் ஒரு விடுமுறையில் அவள் என்னை மார்டள்ளிக்கு அழைத்துப் போனாள். வேலையை அங்கே, காட்டோரத்துப் பாறைமேல் செய்வதாக ஏற்பாடு. வண்டியைத் தூக்கி நிறுத்தியாயிற்று. சக்கரங்கள் இரண்டும் அடியில். மைத்துனன் ஸ்பேனரோடு குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான். நெற்றியில் வியர்வை. அவள் அவன் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவன் ஒரு ஸ்டாண்டு அருகிலும் நான் மற்றொன்றின் அருகிலும் உட்கார்ந்தோம். அவள் கேட்டதை எடுத்துக் கொடுத்தோம். வெயில் சாயும்போது பழைய ஆக்ஸில் பாறையில் கிடந்தது. புதியது உயர்ந்த கமான் பட்டைக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.

முதல் ஓட்டத்துக்கு மூவரும் ஏறினோம். வண்டி இப்போது உயரம். நான் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்த காலுக்குத் தடுமாறினேன். மைத்துனன் உள்ளிருந்து கை நீட்டினான். பிடித்துக்கொண்டு ஏறினேன்.

"ஏறதுக்கு ஒரு படி வெல்டு வெச்சுத் தாரனுங்க மாமா," என்றான் ரோட்டைப் பார்த்தபடி.

"வை," என்றேன்.

மேட்டுப் பாதையில் கற்கள் வந்தன. மூவரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தோம். அடியில் எதுவும் இடிக்கவில்லை.