விழுங்காத தண்ணீர்

உலர்ந்த நாக்கில் ஒரு சிட்டிகை குளுக்கோஸ் மாவைப் போட்டால் முதலில் சில்லென்று குளிரும். அடுத்த கணமே அது பசையாகி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, போடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். எங்கள் பள்ளிக்கூடத்து மரதன் ஓட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த உபசாரம் அந்த மாவும், "தேசிக்காய்" என்கிற எலுமிச்சையில் பாதியும், தெருவோரம் நிற்பவர்கள் நீட்டும் ஒரு தகரப் "பேணி" தண்ணீரும்தான். அந்தத் தண்ணீரும் குடிப்பதற்கு அல்ல. "கொப்பளிச்சுத் துப்பு, விழுங்கினால் வயித்துக்கை பிடிக்கும்" என்று மாஸ்டர் முதல் பழைய மாணவர் வரை எல்லோரும் சொன்னார்கள். விழுங்குகிறவன் ஓட வந்தவன் அல்ல, ஊர் பார்க்க வந்தவன் என்பது எங்கள் விளையாட்டு இல்லத்தின் எழுதாத சட்டம்.

என் வகுப்புத் தோழன் யூட் அந்தச் சட்டத்தை ஒருமுறை மீறினான். அவன் குருநகர்க் கடற்கரைப் பிள்ளை. வீட்டுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீரை லொறியில் வரும் "பவுசர்" தாங்கியிலிருந்து வாளியில் பிடித்து, அளந்து குடித்து வளர்ந்தவன், நல்ல தண்ணீரைக் கண்டால் விடமாட்டான். ஒன்பதாம் வகுப்பில் ஓட்டத்தின் நடுவே இரண்டு பேணி குடித்தான். கடைசி மைலில் விலாவைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். எங்கள் இல்லம் தோற்றது. அன்றைக்கு அவனுக்குப் "பவுசர்" என்று பெயர் வைத்தவன் நான். வாய்த்துடுக்கு எனக்கு எப்போதும் கொஞ்சம் கூடத்தான். ஒரு வருடம் முழுக்கப் பள்ளிக்கூடமே அவனை அப்படித்தான் கூப்பிட்டது. விளையாட்டு வினையாகும் என்று அம்மா சொன்னதை நான் கணக்கெடுக்கவில்லை. கூப்பிட்டால் அவன் சிரித்துக்கொண்டுதானே திரும்பிப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம், கொடியசைக்க வேண்டிய விருந்தினர் பிந்தி வந்ததால், ஏழு மணி ஓட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. பங்குனி வெயிலில் தார் இளகி வெறுங்காலில் ஒட்டியது. நீர்வேலிச் சந்தியில் திரும்பும்போது யூட்டும் நானும்தான் முன்னுக்கு. தெருவோர வாழைத்தோட்டத்தில் மிசின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. என்னால் முடியவில்லை. வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு இருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து, குழாய் வாயில் முகத்தை வைத்து வயிறு முட்டக் குடித்தேன்.

"வாடா மச்சான், ஒருத்தரும் காணேல்லை. ஒரு மிடறு குடிச்சிட்டு ஓடு."

அவன் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்தான். உதடு வெள்ளையாய் வெடித்திருந்தது, வேர்வைகூட நின்றுபோயிருந்தது.

"வேண்டாமடா. இந்தமுறை நான் பவுசர் இல்லை" என்றுவிட்டு ஓடினான்.

கோப்பாயை நெருங்கும்போது அவனுடைய கால்கள் பின்னத் தொடங்கியதைப் பின்னாலிருந்து கண்டேன். ஒரு வேலியோடு மோதி விழுந்தான். ஓடி வந்தவர்கள் தலையிலும் நெஞ்சிலும் தண்ணீரை ஊற்றினார்கள்; வாயில் விட்டது கடைவாயால் வழிந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு குருநகருக்குப் போனேன். சைக்கிள் மிதித்துக் களைத்திருந்த என்னை இருத்தி, அவனுடைய அம்மா வாளித் தண்ணீரை ஒரு தம்ளர் நிறைய மொண்டு தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்.

"தண்ணியைக் கண்டால் விடாத பிள்ளையெல்லே. அண்டைக்கு ஏன் தம்பி அவன் குடிக்கேல்லை?"

"தெரியாது அம்மா" என்றேன்.

இப்போது அவன் வீட்டுத் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது, பவுசர் வருவதில்லை. மரதன் விடியவே தொடங்குகிறது. வழியெல்லாம் மேசை போட்டுத் தண்ணீர் கொடுக்கிறார்கள், கொப்பளித்துத் துப்பச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவனை அந்தப் பெயரால் கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். போன மாதம் அவனுடைய அம்மாவும் காலமாகிவிட்டார். எத்தனையோ தடவை அந்த வீட்டுக்குப் போயும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்: எனக்குத் தெரியும் அம்மா, அவன் குடிக்காதது என்னால்தான்.