கார்த்திகைத் தண்ணீருக்குக் கையெழுத்துப் போடாதவர்

"சார் போயிட்டாரும்மா" என்று அருளானந்தம் சாரின் மனைவி கைபேசியில் சொன்னபோது, அம்பத்தூரில் அவர் தலைவராக இருந்த எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் நான் தண்ணீர் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். மஞ்சள் காமாலை. ஆயுள் முழுக்கத் தண்ணீரைச் சோதித்தவரைத் தண்ணீரே கொண்டுபோய்விட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஜன்னலோரம் இருந்த மூன்று பாட்டில்களைக் காட்டினார். சித்திரையில் அள்ளியது கறுப்பு. ஐப்பசி முதல் மழையில் அள்ளியது, சாலை எண்ணெயும் குப்பையும் அடித்து வந்த காப்பி நிறம். கார்த்திகையில் அள்ளியது தெளிவு.

"மூணும் பட்டாபிராம்ல எங்க ஃப்ளாட்டுக்குப் பின்னாடி ஓடுற ஒரே கால்வாய்தாம்மா. சாக்கடை குறையல. மழைத்தண்ணி கூடியிருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

போன கார்த்திகையில் அவருடைய ஃப்ளாட்டின் சங்கச் செயலாளர் வந்தார். கால்வாய்க்கரையில் புதிதாக வெட்டிய கிணற்றுத் தண்ணீரை வீட்டுக் குழாய்களில் விட வேண்டுமாம். சோதனையில் குறை தெரியவில்லை. வருஷம் முழுக்கக் குடிக்கலாம் என்று எழுதித் தரச் சொன்னார். சார் மறுத்துவிட்டார்.

"கண்ணாடி மாதிரி கீது சார்! ஒரு கையெழுத்துக்கு இம்மாம் பிகு பண்றீங்களே!"

"சித்திரையில அள்ளிட்டு வாப்பா. அப்புறம் பேசலாம்."

செயலாளர் வேறெங்கோ கையெழுத்து வாங்கிக்கொண்டார். தை மாதம் குழாய் திறந்தார்கள். சார் வீடு வீடாக ஏறி இறங்கி எச்சரித்தார். பயந்தாங்கொள்ளி என்று சிரித்தார்கள், படித்த ஜனங்கள்! சித்திரையில் கால்வாயில் மழைநீர் வற்றிச் சாக்கடை மட்டும் மிஞ்சியது. கிணற்றில் அதுவே ஊறியது. வீட்டுக்கு வீடு காமாலை.

சார் வீட்டில் குடிக்கக் கேன் தண்ணீர்தான். ஆனால் பல் துலக்கி வாய் கொப்பளித்தது குழாய்த் தண்ணீரில். நம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

"காசு குடுத்து வாங்குற தண்ணியில வாய் கொப்பளிக்க மனசு வரலம்மா."

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அது.

சாரைத் தூக்கிக்கொண்டு போன வழியில் அந்தக் கால்வாய்ப் பாலம். கீழே தார் போலக் கிடந்தது. செயலாளரும் கூட வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு மழை பேஞ்சா சரியாப்பூடும் மேடம்."

பெய்யும், அருளானந்தம் சார். கார்த்திகை வரும், தண்ணீர் தெளியும், பாட்டிலோடு மறுபடி வருவார்கள். உங்கள் நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். கையெழுத்துப் போட மாட்டேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.