அண்ணியின் சனிக்கிழமைக் கூட்டாளிகள்

எங்கள் அண்ணி பல் செய்கிறவர். பல் வைத்தியர் இல்லை. வைத்தியர் வாய்க்கு அச்செடுத்து அனுப்புவார். அதைப் பார்த்து ஒற்றைப் பல்லோ முழு வரிசையோ செய்து கொடுக்கிற லேபில் வேலை. ஒரு கடைவாய்ப் பல்லின் பள்ளத்தை மெழுகில் செதுக்க உட்கார்ந்தாரென்றால் சாப்பாடு, தண்ணீர், பக்கத்தில் விழுகிற இடி எதுவும் தெரியாது. அவர் செய்த பல்லைக் கட்டிக்கொண்டு போனவர்கள், எது சொந்தப் பல், எது வந்த பல் என்று கண்ணாடி முன்னால் நின்று தேடியிருக்கிறார்கள்.

அதே அண்ணி வீட்டுக்கு வந்தால் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போவார். அங்கே பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட ஆரம்பிப்பார். விடும்போது குழாய் ஒழுகுவது கண்ணில் படும். திருப்புளி தேடிக் கீழே வருவார். நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் பால் கரிந்து வீடெல்லாம் புகை, துணியெல்லாம் மழையில், அண்ணி ஸ்டோர் ரூம் தரையில் சம்மணம் போட்டுப் பழைய போட்டோ பார்த்துக்கொண்டிருப்பார்.

“வந்துட்டியா? இங்க பாரேன், உன் அண்ணன் மீசை இல்லாம எப்படி இருக்காருன்னு.”

திட்ட வந்த வாயோடு நானும் குனிந்து பார்ப்பேன். பார்க்காமல் இருக்க முடியாது. அப்படிக் கூப்பிடுவார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்கு நேரம் ஒதுக்குகிற வேலை எனக்கு. கொஞ்சம் பிசகினாலும் டாக்டர்கள் என் தலையை உருட்டுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் கப்பலில் என்ஜின் பார்ப்பவன், வருஷத்தில் பாதி நாள் கடலில். ஆக, வீட்டில் அண்ணி, நான், அவர் மகள் பாப்பா. ஆறாம் வகுப்புக்குப் போயும் அவள் எங்களுக்குப் பாப்பாதான். நாத்தனார் என்றாலே வாய் நீளம் என்று ஒரு பேர் இருக்கிறதே, அந்தப் பேரை நான் ஒன்றும் கெடுத்துவிடவில்லை. “அண்ணன் ஏன் கப்பலுக்கு ஓடிட்டான்னு இப்பதான் புரியுது அண்ணி,” என்பேன். அதற்கு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவர் அண்ணிதான்.

சிரிக்க முடியாத நாளும் வந்தது. நீச்சல் வகுப்பு முடிந்து பாப்பா ஈரத் தலையோடு குளத்தின் கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். கூட்டி வர வேண்டிய அண்ணி லேபில் ஒரு முன்பல்லுக்கு நிறம் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். இருட்டிய பிறகு வாட்ச்மேன்தான் எனக்குப் போன் செய்தார். ஒரு தடவை என்றால் போகட்டும். அடுத்த மாதமும் அதே கேட், அதே வாட்ச்மேன். அன்றைக்கு அண்ணி அழுத அழுகையைப் பார்த்து, திட்ட வந்த நானே அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் மனநல டாக்டரிடம் போனோம். ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்றார். அது சின்னப் பிள்ளைகளுக்கு வருவது என்று நான் நினைத்திருந்தேன். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெரியவர்களுக்கென்றே ஒரு சனிக்கிழமைக் கூட்டம் நடக்கிறது, அதற்கும் போகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “நான் சோம்பேறி இல்லையாம்டி,” என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதையே சொன்னார். நாற்பத்தொரு வயதில் ஒரு மனுஷி அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது.

கூட்டம் ஒரு பிசியோதெரபி சென்டரின் மாடி அறையில். வீட்டில் இருப்பவர்களும் வரலாம் என்று ஒரு நாள் வைத்தார்கள், போனேன். கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த மருந்துக் கடைக்காரர் வந்திருந்தார், சாவி வரவில்லை. கூட்டத்தை நடத்துகிற மேடம் சிரித்துக்கொண்டே பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தார். உள்ளே பெரிய பெரிய ரப்பர் பந்துகளை மூலையில் ஒதுக்கிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். ஒருத்தர் பேசினால் நடுவில் நாலு பேர் புகுந்தார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பஸ் டிரைவர் இருந்தார். பஸ்ஸை ஒரு நாள்கூட லேட்டாக எடுத்ததில்லையாம். ஆனால், ‘நீங்க தூங்குங்க, நான் எழுப்புறேன்’ என்று சொந்த மாமனாரை ஏற்றிக்கொண்டு, டெப்போ வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார். கணக்கு டீச்சர் ஒருவர், கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, தான் தேர்வு வைத்த வகுப்பையே மறந்து வீட்டுக்குப் போன கதையைச் சொன்னார்.

மேடம் மூளை எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்கினார். அப்புறம் வழிகள் சொன்னார். முக்கியமான வேலையைத் தலைக்குள் மட்டும் வைக்காதீர்கள், இன்னொருத்தரிடமும் சொல்லி வையுங்கள். நேரத்தை அரை மணி முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள். தனியாக முடியாத வேலைக்கு ஒருத்தரைச் சும்மா பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அண்ணியின் முறை வந்தது. “எங்க வீட்ல எல்லாத்தையும் என் நாத்தனார் பார்த்துக்கிறா. அவ இல்லன்னா நான் இல்ல. ஆனா என் பொண்ணு இப்ப எதுன்னாலும் அவகிட்டதான் சொல்றா. என்கிட்ட சொல்றதே இல்ல,” என்றார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரப்பர் பந்துகளைப் பார்த்தேன்.

சொல்லி வைத்த மாதிரி மறுநாளே பாப்பா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். “அத்தை, வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு எனக்கு நீச்சல் போட்டி. நீங்க வாங்க. அம்மாகிட்ட சொல்ல வேணாம்.”

“ஏன்டி?”

“மறந்துட்டாங்கன்னா அழுவாங்க. பாவம்.”

ரகசியத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அன்று சாயங்காலமே அண்ணியிடம் அப்படியே சொல்லிவிட்டேன். அண்ணி கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“நான் வரேன். ஆனா நீ ஞாபகப்படுத்தக் கூடாது. நீ ஞாபகப்படுத்தி நான் வந்தா, அது நீ வந்த மாதிரிதான். நான் வரப் போறேன்னு அவகிட்டயும் சொல்லாத.”

“மறந்துட்டா அண்ணி?”

“மறந்தா அவளுக்குப் புதுசா ஒண்ணும் குறையாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.”

அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாப்பிடும்போதெல்லாம் ஞாயிறு என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கும். தண்ணீரைக் குடித்து விழுங்குவேன். அண்ணியோ எதுவும் நடக்காதது போல் பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால் அண்ணி வீட்டில் இல்லை. சாப்பாட்டு மேஜையில் பாதி குடித்த டீ ஆறிக் கிடந்தது. பக்கத்திலேயே அவர் போன். ஆணியில் மாட்டியிருக்கும் லேப் பையைக் காணோம். யாரோ அவசரமாகப் பல் கேட்டிருப்பார்கள், இவரும் கிளம்பிப் போயிருப்பார். லேபுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். ஞாபகப்படுத்தக் கூடாது என்று அண்ணி சொன்னது கையைப் பிடித்தது. வைத்துவிட்டேன்.

“அம்மா எங்க?” என்றாள் பாப்பா.

“லேபுக்குப் போயிருப்பாங்க.”

“ம்,” என்று நீச்சல் தொப்பியைப் பையில் வைத்தாள். அந்த ஒற்றை ‘ம்’மில் ஆச்சரியம் துளிகூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வழியெல்லாம் அண்ணியை மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன்.

ஒன்பதரைக்குக் குளத்தின் கேட்டை அடைந்தோம். வெளிப்படிக்கட்டில் லேப் பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கணக்கு டீச்சர், மறுபக்கம் மருந்துக் கடைக்காரர், கீழ்ப்படியில் பஸ் டிரைவர். நாலு பேரும் ஒரே பொட்டலத்திலிருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். அண்ணி டீச்சரிடம் சொல்லி வைக்கும்போது, மேடம் சொன்னபடி அரை மணி முன்னதாக ஒன்பதரை என்றிருக்கிறார். டீச்சர் தன் பங்குக்கு அரை மணியைக் கழித்து டிரைவரிடம் ஒன்பது என்றார். டிரைவர் மருந்துக் கடைக்காரரிடம் எட்டரை. அவர் முந்தின நாள் அண்ணியைக் கூப்பிட்டு, எட்டு மணி, மறந்துவிடாதீர்கள் என்றார். அண்ணி ஏழரைக்கே வந்துவிட்டார். அண்ணிக்குப் போன் செய்து ஞாபகப்படுத்த மறந்துவிட்டால் என்ன ஆவது என்று பயந்து மற்ற மூவரும் நேரிலேயே வந்துவிட்டார்கள்.

“பத்து மணின்னு உங்களுக்கே தெரியுமே அண்ணி?”

“தெரியும்னுதான் நினைச்சேன். என் ஞாபகத்தை நான் என்னைக்குடி நம்பியிருக்கேன்?”

“கேட் பூட்டியிருந்துச்சுல்ல, வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பி வந்திருக்கலாமே?”

பதில் சொன்னது டிரைவர். “வாட்ச்மேனும் அதையேதான் சொன்னார்மா. போனா வர மாட்டோம்னு எங்களுக்குத் தெரியும். அதான் ஒருத்தரை ஒருத்தர் எழுந்திருக்க விடல.”

பாப்பா அம்மாவைப் பார்த்தாள், பிஸ்கட்டைப் பார்த்தாள். “ரெண்டு மணி நேரமா இங்கயேவா உட்கார்ந்திருக்க?” என்றாள். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார்.

தண்ணீரில் இறங்கும் முன் பாப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தருவது வழக்கம். நான் பழக்கத்தில் கையை நீட்டியபடி நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அம்மாவின் கையில் வைத்தாள்.

“என்கிட்டயா?” என்றார் அண்ணி.

“ம். கீழ வைக்காத.”

போட்டி தொடங்கியது. டிரைவர் போட்ட சத்தத்தில் குளமே திரும்பிப் பார்த்தது. டீச்சர் பக்கத்துத் தடத்தில் நீந்திய வேறு யாரோ பெண்ணுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். கை தட்டாதவர் அண்ணி ஒருத்தர்தான். இரண்டு கையையும் சேர்த்துக் கண்ணாடியைப் பொத்தி நெஞ்சோடு வைத்திருந்தார்.

பாப்பா நாலாவதாக வந்தாள். சொட்டச் சொட்ட ஏறி வந்து கையை நீட்டினாள். அண்ணி விரல்களைப் பிரித்தார். உள்ளங்கையில் ஃபிரேம் பதிந்து சிவந்திருந்தது. கண்ணாடி முழுக்க வியர்வை. பாப்பா அதை ஈரத் துண்டில் துடைத்து இன்னும் மோசமாக்கி மாட்டிக்கொண்டு, “ஒண்ணுமே தெரியல,” என்று சிரித்தாள். அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்.

“அம்மா,” என்றாள் பாப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை. “அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை இன்னொரு போட்டி இருக்கு. இதே இடம், பத்து மணி.”

என் கை தன்னால் போனை எடுக்கப் போயிற்று. குறித்துக்கொள்ளாமல் பையிலேயே போட்டேன். அண்ணி டீச்சர் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களா டீச்சர்? அடுத்த மாசம் முதல் ஞாயிறு. ஒன்பதரை.”