ஐந்து படிவங்களும் ஒரு ஸ்கூட்டர் சாவியும்

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். முந்தைய நாள் இரவு பெய்த மழை எங்கள் தெருவில் ஏழு இடங்களில் தேங்கியிருந்தது. வானம் மூடிக்கிடந்தது, காற்று இல்லை, கொடியில் போட்ட வேட்டி இரண்டாவது நாளாகக் காயவில்லை. பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த கல்லூரி வேன் அப்போதுதான் பென்னலூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஐந்து மாணவர்களும் ஒரு பேராசிரியையும் இறங்கினார்கள். ஆறு ஜோடிச் செருப்பு வாசற்படியை அடைத்துக்கொண்டது.

அவர்கள் என்னிடம் பாடம் கற்க வந்திருந்தார்கள். நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குச் சர்க்கரை பத்தொன்பது ஆண்டுகளாக, ரத்த அழுத்தம் பதினான்கு ஆண்டுகளாக, இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட் ஆறு ஆண்டுகளாக. கற்பிப்பதற்கு என்னிடம் இருந்த தகுதி அவ்வளவுதான். நீண்டகால நோயோடு வாழ்கிறவர்களிடமிருந்து குழுப்பணியைக் கற்பது என்று ஒரு திட்டம். மருத்துவம், செவிலியர், மருந்தியல், இயன்முறை என்கிற பிசியோதெரபி, உணவியல் என ஐந்து படிப்பிலிருந்தும் ஆளுக்கு ஒருவர். மூன்று சனிக்கிழமை வருவார்கள். எனக்கு 'நோயாளி ஆசிரியர்' என்று பட்டம்.

பட்டத்துக்காக நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் ஸ்கூட்டர் சாவிக்காக ஒப்புக்கொண்டேன்.

ஜூலை 2ஆம் தேதி சர்வீஸ் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் காலை ஊன்றியபோது தலை சுற்றியது. ஒரு செக்யூரிட்டி ஓடி வந்து பிடித்திராவிட்டால், பின்னால் வந்த கன்டெய்னர் லாரி என்ன செய்திருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. யோசித்தவன் என் மகன். அன்று மாலையே சாவியை எடுத்துக்கொண்டுபோய்த் தன் கம்பெனி லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டான்.

"நைனா, எதனால தல சுத்துதுன்னு ஒரு டாக்டரு கைப்பட எழுதிக் குடுக்கட்டும். அன்னிக்கே சாவி குடுக்கறேன்" என்றான்.

"வயசானா சுத்தும்டா."

"அப்ப வயசானவரு ஓட்ட வேணாம்."

வண்டி இல்லாமல் இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ரேஷன் கடைக்குப் போக நடைபாதை கிடையாது. லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒன்றரை அடி கிடைக்கும், அதிலும் ஷிப்ட் முடிந்தவர்கள் எதிரில் வருவார்கள். வெள்ளிக்கிழமைகளில் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போவது ஆறு வாரமாக நின்றுவிட்டது. வாலாஜாபாத் இதய மருத்துவரிடம் காரணம் கேட்டேன். "சுகர் டாக்டர கேளுங்க" என்றார். ஸ்ரீபெரும்புதூர் சர்க்கரை மருத்துவரிடம் கேட்டேன். "ஹார்ட் டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார். இப்படி இருக்கும்போது ஐந்து பேர் ஒன்றாக, அதுவும் வீட்டுக்கே வருகிறார்கள் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

நோயாளியே குழுவின் மையம் என்று அவர்கள் கொண்டுவந்த தாளில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதனால் என் நாற்காலியைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டார்கள். ஐவரும் சுற்றி உட்கார்ந்து, மையத்தைப் பார்க்காமல் மடியில் இருந்த படிவத்தைப் பார்த்தார்கள். ஐந்து படிவம், ஐந்து நிறம். மருத்துவ மாணவன் என்னை அங்கிள் என்றான். செவிலியர் படிக்கும் பெண் ஐயா என்றாள். இயன்முறைப் பையனுக்கு நான் சார். மற்ற இரண்டு பெண்களுக்கும் தாத்தா.

"எத்தன வருஷமா சுகர், அங்கிள்?"

"பத்தொன்பது."

பச்சைப் படிவம் முடிந்து நீலப் படிவம் வந்தது. "ஐயா, சுகர் எத்தினி வருஷமா கீது?"

அன்று அந்தக் கேள்விக்கு ஐந்து முறை பதில் சொன்னேன். நான்காவது முறை என் மனைவி சமையலறையிலிருந்து, "பத்தொம்போது! பத்தொம்போது! செவுத்துல எழுதி வெக்கட்டுமா?" என்று குரல் கொடுத்தாள். ரத்த அழுத்தம் இரண்டு பேர் பார்த்தார்கள், இரண்டு விதமாக வந்தது. இரண்டையும் அவரவர் படிவத்தில் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. பரீட்சையில் அப்படிப் பார்க்கக் கூடாது என்று பதினைந்து வருடம் பழக்கியிருக்கிறார்கள், பாவம்.

தலைசுற்றலைப் பற்றி நானாகவே சொன்னேன். மருத்துவ மாணவன் தலையாட்டிவிட்டு, "அது பேலன்ஸ் ப்ராப்ளமா இருக்கலாம்" என்று இயன்முறைப் பையனைக் காட்டினான். அவன் என்னை ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் பன்னிரண்டு வினாடி எண்ணி, "பேலன்ஸ் சூப்பர் சார். சாப்பாட்டுல எதாவது இருக்கும்" என்றான். உணவியல் பெண் நான் தின்னும் இட்லிகளை எண்ணிவிட்டு, "சாப்பாடு கரெக்டா இருக்கு தாத்தா. மாத்திரையா இருக்கும்" என்றாள். மருந்தியல் பெண் வாயைத் திறக்கும் முன் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

மாத்திரை என்று சொன்னதும் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். நாளைக்கு ஒன்பது வகை, மொத்தம் பதினொன்று. ஒவ்வொரு வகைக்கும் எண் கொடுத்து, தனித்தனி டப்பாவில் போட்டு, வரவும் செலவும் நோட்டில் எழுதி வருகிறேன். ஒரு மாத்திரை குறைந்தது கிடையாது. போகிற அவசரத்திலும் அவர்களை நிறுத்தி இதைச் சொன்னேன். கூடவே ஸ்டோர்ஸில் நடந்த ஒன்றையும் சொன்னேன். ஒரே பேரிங்கை இரண்டு சப்ளையர் வேறு வேறு பெயரில் அனுப்ப, அதற்கு இரண்டு எண் போட்டு இரண்டு அலமாரியில் வைத்து, இரண்டு பக்கமும் ஆர்டர் போட்டு வாங்கிக் குவித்திருந்தார்கள். பெட்டியைத் திருப்பி அளவைப் படித்துக் கண்டுபிடித்தவன் நான். மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். மாணவர்கள் ஐவரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அவரவர் செருப்பைத் தேடினார்கள்.

அடுத்த சனிக்கிழமை மருந்தியல் பெண்ணின் முறை முதலில் வந்தது. அவளுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் ஒன்பது டப்பாக்களையும் தரையில் வரிசையாகப் பரப்பினாள். ஐந்து படிவத்திலும் மருந்துப் பட்டியல் இருந்தது. மற்ற நால்வரும் அட்டையின் முன்பக்கத்துப் பெயரைப் பார்த்து எழுதி முடித்தாகிவிட்டது. இவள் மட்டும் ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பின்பக்கத்தில் எறும்பு அளவில் இருக்கும் எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, நாலாம் நம்பரு யாரு எழுதுனது?"

"வாலாஜாபாத் டாக்டரு. ப்ரஷருக்கு."

"எட்டு?"

"சுகர் டாக்டரு. கிட்னிக்குப் பாதுகாப்புன்னாரு. பிப்ரவரி ஒண்ணாந்தேதிலேந்து."

"ரெண்டும் ஒரே மருந்துல்லா தாத்தா. பேருதான் வேற."

  மருத்துவ மாணவன் எட்டிப் பார்த்து, "வேற வேற கம்பெனிப்பா அது. ஒரு டாக்டர் யோசிக்காம எழுதுவாரா?" என்றான்.

"ரெண்டு பேரும் யோசிச்சுதான் எழுதிருக்காவ" என்றாள் அவள். "தனித்தனியா யோசிச்சிருக்காவ."

நான் அட்டைகளை வாங்கி என் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரே மருந்து, ஒரே அளவு. இருநூற்று ஆறு நாளாக ஒரே சரக்கை இரண்டு அலமாரியிலிருந்து எடுத்துத் தின்று, இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதியிருக்கிறேன். போன வாரம்தான் பேரிங் கதையைச் சொன்னேன் என்பதை யாரும் எடுத்துக் காட்டவில்லை. என் மனைவி மட்டும் சமையலறை வாசலில் நின்று, "அந்த மேனேஜரு இப்ப இருந்தா இன்னொரு தடவ கை குடுப்பாரு" என்றாள்.

செவிலியர் பெண் என்னைப் படுக்கவைத்து அழுத்தம் பார்த்தாள், எழுந்து நிற்கவைத்து மறுபடி பார்த்தாள். படுத்திருக்கையில் நூற்று முப்பத்தெட்டு, நின்றதும் நூற்று நான்கு. "ஐயா, இதான் சுத்துது" என்றாள். நான் கையைத் தட்டாத குறை. காரணம் கிடைத்துவிட்டது, எழுதிக் கொடுங்கள், மகனிடம் நீட்டிச் சாவியை வாங்கிவிடலாம் என்றேன்.

அப்போதுதான் குழுப்பணி ஆரம்பமானது. எழுத வேண்டியது மருத்துவ மாணவன்தான் என்றாள் மருந்தியல் பெண். கண்டுபிடித்தது அவள், அதனால் அவள்தான் எழுத வேண்டும் என்றான் அவன். அழுத்தம் பார்த்தது மட்டும்தான் தன் வேலை என்றாள் செவிலியர் பெண். இயன்முறைக்கும் உணவியலுக்கும் இதில் சம்பந்தமே இல்லை என்பதில் இரண்டு பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள். பேராசிரியையைக் கேட்டோம். அவர் நல்லவர், ஆனால் விதிகளுக்குப் பயந்தவர்.

"சார், பசங்க உங்க ட்ரீட்மென்ட்ல தலையிடக் கூடாது. நீங்க உங்க டாக்டர பாத்துடுங்க. பசங்களா, இத உங்க அனுபவக் குறிப்புல எழுதுங்க. ரொம்ப அருமையான பாயின்ட். மார்க் இருக்கு."

"அனுபவக் குறிப்ப யாருங்கம்மா படிப்பாங்க?" என்று கேட்டேன்.

"நாங்கதான் சார். செமஸ்டர் முடிஞ்சதும்."

அதுவரை நான் நிற்கும்போது எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "கல்யாணப் பத்திரிகைல எம்பேரப் போடல, உம்பேரப் போடலன்னு சண்ட போட்டுப் பாத்துக்கீறேன். பேரப் போடாதேன்னு சண்ட போடறத இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள்.

மூன்றாவது சனிக்கிழமை அவர்கள் வரும்போது மாடியில் ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தது. மேலே தென் மாவட்டத்துப் பையன்கள் ஆறு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். கட்டில் நான்குதான். இரண்டு வருடத்தில் படுக்கச் சண்டை வந்ததில்லை. வேலைக்குப் போகிறவன், வருகிறவனை மாடிப்படியிலேயே நிறுத்தி, தண்ணீர் கேன் தீர்ந்தது, கேஸ் இன்று வரும், மூன்றாவது கட்டில்காரனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவான். கல்லூரி அவர்களிடம் போயிருந்தால் ஒரு சனிக்கிழமையில் பாடம் முடிந்திருக்கும், நாங்கள் வாராவாரம் போட்ட பஜ்ஜியும் மிச்சம்.

மாணவர்களிடம் தொழிற்சாலை வழக்கத்தைச் சொன்னேன். ஷிப்ட் முடியும்போது போகிற பொறுப்பாளரும் வருகிற பொறுப்பாளரும் ஒரே ரிஜிஸ்டர் முன்னால் நிற்க வேண்டும். எது ஓடுகிறது, எது நின்றது, எதைத் தொடக் கூடாது என்று நான்கு வரி. இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் யாரும் கேட்டைத் தாண்ட முடியாது. "யாரு கண்டுபிடிச்சான்னு அதுல ஒரு கட்டமே இல்ல. தெரிஞ்சத எழுதணும், எழுதினது அடுத்த ஆள் கைக்குப் போகணும். அவ்வளவுதான்" என்றேன்.

மருந்தியல் பெண் என் கார்பன் நோட்டை இழுத்து எழுத ஆரம்பித்தாள். நான்காம் எண்ணும் எட்டாம் எண்ணும் ஒரே மருந்து. செவிலியர் பெண் தன் இரண்டு எண்களைச் சேர்த்தாள். நடையில் தள்ளாட்டம் இல்லை என்று இயன்முறைப் பையனும், வேளை தவறாமல் சாப்பிடுகிறார் என்று உணவியல் பெண்ணும் ஆளுக்கு ஒரு வரி. கையெழுத்து என்று வந்ததும் மருத்துவ மாணவன் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தான்.

"மாட்டிக்கிட்டா?"

"ஒருத்தி போட்டாத்தான் மாட்டுவா" என்றாள் அவள். "அஞ்சு பேரு போட்டா யார ஏசன்னு அவங்களுக்கே தெரியாது. போடுங்க டாக்டரே."

டாக்டர் என்றதும் போட்டுவிட்டான். பேராசிரியை தாளை இருமுறை படித்து, மேலே சிவப்பு மையில் 'தகவலுக்காக மட்டும்' என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போடாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செப்டம்பர் 4ஆம் தேதி மூன்று பேருந்து மாறி நானும் மனைவியும் வாலாஜாபாத் போனோம். டோக்கன் 31. இரண்டு மணி ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். மருத்துவர் தாளைப் படித்து முடிக்க நாற்பது வினாடி ஆனது.

"ஏங்க, ஒரே மருந்த ரெண்டு எடத்துல வாங்கிச் சாப்டறீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் எழுதினீங்க, சார்."

"என்கிட்ட சொல்ல வேணாமா?"

"அதத்தான் சார் அதுல அஞ்சு பேர் சொல்லியிருக்காங்க."

அவர் சிரித்தார். எட்டாம் எண்ணை அடித்துவிட்டு, கீழே 'தலைசுற்றல் இதனால் இருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மறுநாள் சர்க்கரை மருத்துவர் அதைப் பார்த்து, "நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார். எப்போது நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

என் மகன் தாளை வாங்கிப் பார்த்து, "இருக்கலாம்னுதான போட்டுக்கீறாரு?" என்றான். ஆலையில் சூப்பர்வைசர் அவன், தரப் பரிசோதனையில் பத்து வருடம். "பதினாலு நாள் ட்ரையல் பாப்போம் நைனா. ஒரு தபா சுத்தினாலும் ரிஜெக்ட்."

பதினான்கு நாளும் காலையில் எழுந்து நின்று நூறு வரை எண்ணினேன், என் மனைவி சாட்சியாக உட்கார்ந்து காபி குடித்தாள். சுற்றவில்லை. இடையில் கல்லூரியில் விழா வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். குழுப்பணிக்கு மதிப்பெண் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். மருத்துவ மாணவன் என் காதருகே வந்து தன் மதிப்பெண்ணைச் சொல்லி, "மத்தவங்களுக்குத் தெரிய வேணாம் அங்கிள்" என்றான். மருந்தியல் பெண்ணுக்கு இரண்டு மதிப்பெண் குறைந்திருந்தது. படிவத்தில் மருந்துகளை ஒன்பது என்று எழுதாமல் எட்டு என்று எழுதிவிட்டாளாம்.

செப்டம்பர் 18ஆம் தேதி, எழுபத்தெட்டு நாள் கழித்து, மகன் சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். சட்டையை மாற்றிக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டி, நான் பட்டனை அழுத்தினேன். வண்டி இருமக்கூட இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டோம்.

"இன்னா பெருசு, இத்தினி நாளு அப்டியே போட்டு வெச்சிகினியா? பேட்டரி பூட்ச்சு. புச்சுதான் போடணும்."

அன்று மாலை வல்லக்கோட்டைக்குப் போய்த் திரும்பிய பிறகு, இரண்டு டாக்டர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாததற்கு எனக்கு ஆன செலவையெல்லாம் கூட்டினேன். வீணாகத் தின்ற இருநூற்றுப் பதினேழு மாத்திரை, தலா எட்டு ரூபாய் வீதம் 1,736. இரண்டு மருத்துவர்களுக்கும் 900. பேருந்து, ஷேர் ஆட்டோ 212. மூன்று சனிக்கிழமை டீயும் பஜ்ஜியும் 486, ஜெராக்ஸ் 10. பேட்டரி 1,350, மெக்கானிக் கூலி 200. மொத்தம் நான்காயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கு ரூபாய்.