முடிக்காத கதையும் நெஞ்சுக்கூட்டில் நீரும்

முதலில், கோளாறு என் வாக்கியத்தில் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அப்போது மைசூரில் தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடியறையில் தங்கியிருந்தேன். பகலில் அச்சகத்தில் கன்னட எழுத்துக் கோக்கும் வேலை, மாலையில் கல்லூரி. இடையில் தமிழில் ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதியதைத் தினமும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். ஒருநாள் ஒரு வாக்கியத்தின் நடுவில் மூச்சு நின்றது. வாக்கியம் நீளம் போலிருக்கிறது என்று இரண்டாக வெட்டினேன். அடுத்த வாரம் அந்த இரண்டையும் நான்காக வெட்டினேன். மூன்றே வாரத்தில் என் கதை தந்தி வாசகம் மாதிரி ஆகிவிட்டது.

கண்டுபிடித்தவர் என் அண்ணன். அவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் ஊரான ராமாபுரத்திலிருந்து அப்பா அனுப்பிய ராகி மூட்டையோடு மாடியேறி, மேலே நின்று திரும்பிப் பார்த்தார். நான் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

“ஏண்டா, மூட்டை என்ற முதுகுல இருக்குது, மூச்சு உனக்கு வாங்குது?”

மறுநாள் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா என் முதுகில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். வலது பக்கம் காலி டின் மாதிரி ஒலித்தது, இடது பக்கம் நிறைந்த மூட்டை மாதிரி. எக்ஸ்ரேயில் இடது பாதி வெள்ளையாக இருந்தது. ப்ளூராவில் (நுரையீரலைச் சுற்றியுள்ள இரட்டைச் சவ்வில்) நீர் கோத்திருக்கிறது என்றார். ஊசியால் எடுத்தார்கள். கரும்புச் சாறு மாதிரி பாட்டிலில் நிறைந்ததை நானே எட்டிப் பார்த்தேன். எனக்குள் இவ்வளவு நாள் இருந்தது இதுவா என்று ஆச்சரியமாக இருந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

காசநோய். இந்த வகை பிறருக்குத் தொற்றுவது அபூர்வம், ஒன்பது மாத மாத்திரையில் குணமாகும் என்று டாக்டரம்மா கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். மாத்திரை ஆரம்பித்த நாளே சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. அண்ணன் ரத்தம் என்று பதறி நர்ஸைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். அது மருந்தின் நிறம்தான். உங்களுக்கும் அப்படி ஆனால் பயப்பட வேண்டாம். உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம்.

வார்டில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது நோட்டுப் புத்தகம் தலையணைக்கு அடியில் இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம், முடித்துவிட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லி வந்திருந்தேன். முடியாமலே போனால்? கதை இதுதான்: ஒரு வீட்டில் இரண்டு பையன்கள், ஒருவனைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடியும், சின்னவன் போகிறான். நான்காம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. பெரியவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெரியவன் நினைத்தது தெரிந்த அண்ணன் பக்கத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் கதையைக் காட்டினால் பதில் வந்துவிடுமே. அந்தப் பதிலோடு அப்புறம் நான்தானே இருக்க வேண்டும்.

காட்டுவது என்றாலும் எப்படி? அண்ணனுக்கு எந்த எழுத்தும் தெரியாது. நான் வாய்விட்டுப் படித்தால் விலாவில் குத்தியது. பக்கத்துக் கட்டில் மணி மைசூரிலேயே பிறந்தவன், மில் வேலைக்காரன். வீட்டில் தமிழ் பேசுவான், படிக்கத் தெரிந்தது கன்னடம் மட்டும்.

“கன்னட எழுத்துல எழுதிக் குடு குரு, நான் படிக்கறேன். எங்க அத்தைக்கு நான் அப்படித்தான் லெட்டர் போடறேன்” என்றான். மைசூரில் சிநேகிதனை ‘குரு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூன்று நாள் உட்கார்ந்து தமிழ்க் கதையைக் கன்னட எழுத்தில் பெயர்த்தேன். சில இடங்களை விட்டுவிடலாமா என்று பலமுறை பேனா நின்றது. பெரியவன் வரும் பக்கங்கள்தான் அவை. விடவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

அண்ணன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்க, மணி ரேடியோவில் செய்தி வாசிப்பவன் மாதிரி படித்தான். அண்ணன் தலை நிமிரவே இல்லை. படித்து முடித்ததும், “ஆமேலே?” என்றான் மணி. அப்புறம் என்ன என்று கேட்கிறான். இன்னும் எழுதவில்லை என்றேன்.

“அந்தப் பெரியவன் ஊமையா?” என்றார் அண்ணன்.

இல்லையே என்றேன்.

“பின்னே? மாடு ஓட்டறான், தண்ணி எறைக்கறான், பாத்துட்டு நிக்கறான். நாலு பாடத்துலயும் ஒரு வார்த்தை பேசலியே. அவனுக்கு வாய் இல்லையாடா?”

மணி விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு முகம் சுட்டது. சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். “பேசியிருந்தா என்ன சொல்லியிருப்பான்?”

அண்ணன் ஒரு சுளையின் நாரை முழுசாக எடுத்து முடித்தார்.

“கோவந்தான். உன்ற சிலேட்டு தொலைஞ்சுதே, நாந்தான் கெணத்துல போட்டேன்.”

சிலேட்டு இல்லாமல் போய் வாத்தியாரிடம் வாங்கிய அந்த அடி எனக்கு நினைவிருக்கிறது. பிரம்பு, இரண்டு கையிலும்.

“அடி வாங்கீட்டு வந்து, நேரா என்ற பக்கத்துலதான் படுத்தே. அதுக்கப்பறம் எப்படிடா கோவப்படறது?” சுளையை என் கையில் வைத்தார். “தின்னு.”

சிலேட்டு விஷயத்தை இங்கே எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டேன். எழுதிக்கொள், ஆனால் கிணறு வறண்டது என்று எழுதிவிடாதே, அது நல்ல கிணறு என்றார்.

முடிக்காததைக் காட்டலாமா என்று இதே நோயில் படுத்தபடி யோசிப்பவர்களுக்கு என்னிடம் விதி எதுவும் இல்லை. முடித்துவிட்டுக் காட்டியிருந்தால், பெரியவன் ஊமையாகவே நின்றுபோயிருப்பான். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பின், காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை. ஏழு வரை எதுவும் சாப்பிடக் கூடாது. அந்த ஒரு மணி நேரம் லோடு இறக்கி முடித்துவிட்டு அண்ணன் வருவார். அவர் சொல்வார், நான் எழுதுவேன். சில நாள் பேச்சு மாட்டைப் பற்றியே போகும். அதையும் எழுதினேன்.

மாத்திரை நின்று சில மாதங்கள் ஆகின்றன. இடது பக்கம் ஒரு மூலையில் சவ்வு தடித்தே இருக்கும் என்கிறார் டாக்டரம்மா. ஆழமாக மூச்சிழுத்தால் வலது பக்கம் முந்திக்கொள்கிறது. இடது பக்கம் சற்றுப் பின்னால் வந்து சேர்கிறது. முன்பு எனக்கு ஒரே நெஞ்சுதான் இருந்தது.

இப்போதும் ஆறு மணிக்கு அண்ணன் படியேறி வருகிறார். ஏழு வரைக்கும் எனக்குப் பசிப்பதில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் பெரியவன் பதினோரு பக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். சின்னவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை.